பொலோன்யாவில் குடும்பத்தோடு குடியேறுவது: முதலில் முகவரி, மற்றதெல்லாம் அப்புறம்

கோவையிலிருந்து ஒரு பொறியாளர் கேட்டிருக்கிறார். இத்தாலியின் பொலோன்யாவில் பேக்கேஜிங் இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை உறுதியாகிவிட்டது. மனைவியும் ஆறு வயது மகளும் கூடவே வருகிறார்கள். மூவரும் சைவம். பழைய நகரத்துக்குள்ளேயே, படங்களில் பார்த்த அந்தத் தூண் வைத்த நடைபாதைகளுக்கு மேலே ஒரு வீடு எடுக்கலாமா, முதல் வருடம் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

இங்கே பல வருடமாகக் குடும்பத்தோடு இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இத்தாலியில் எல்லா அரசுக் காரியங்களும் ஒரு முகவரியில் தொங்குகின்றன. அந்த முகவரி சட்டப்படி பதிவான வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது கைக்கு வந்துவிட்டால் வதிவுப் பதிவு (இந்த ஊரில் வாழ்பவர் என்று நகராட்சியில் பதிவது), குடும்ப மருத்துவர், பிள்ளையின் பள்ளி, அடையாள அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு திறமையானவரும் மாதக்கணக்கில் அலைவார். அதனால் வீடு பார்க்கும்போது ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிகிறதா என்பதைவிட, வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒப்பந்த வகைகளைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 4+4 என்பது வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளும் எட்டு வருட ஏற்பாடு. 3+2 என்பது நகர அளவில் ஒத்துக்கொண்ட வரம்புக்குள் வாடகை வைக்கும் ஏற்பாடு. வீட்டுக்காரருக்கு வரிச் சலுகை கிடைப்பதால் அவருக்கும் இதில் ஆர்வம் உண்டு. மூன்றாவது 'த்ரான்சிதோரியோ' எனப்படும் தற்காலிக ஒப்பந்தம், 18 மாதம் வரைதான். குடும்பத்தோடு வருபவருக்கு 3+2 தான் நல்லது என்பது என் கருத்து. எதுவானாலும் 30 நாட்களுக்குள் வரித்துறையில் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 'வீடு தருகிறேன், ஆனால் இந்த முகவரியில் வதிவுப் பதிவு செய்யக் கூடாது' என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அங்கே வாழ்பவர் பதிவு செய்வதைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு வீடு பார்ப்பது மேல். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

வாடகை விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. மாணவருக்கான ஒற்றை அறைக்கே மாதம் 500, 600 யூரோ கேட்கிறார்கள். குடும்பத்துக்கு ஏற்ற வீடு 1,000 யூரோவைத் தாண்டும். வீட்டுக்காரர்கள் உங்கள் வேலை நிரந்தரமானதா, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; புதிதாக வந்தவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. நிறுவனத்திடமே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் முதல் இரண்டு மாதம் தங்க இடமும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், இங்கே அது வழக்கம்தான்.

பழைய நகரத்துக்குள் வீடு எடுக்கலாமா? அழகுக்குக் குறைவில்லை. நீங்கள் சொன்ன அந்தத் தூண் நடைபாதைக்குப் போர்த்திகோ என்று பெயர்; மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கிறது இந்த ஊரில். 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1288இல் வந்த நகரச் சட்டம் புது வீடு கட்டுபவர்கள் போர்த்திகோவும் கட்ட வேண்டும் என்றது. குதிரையில் வருபவர் இறங்காமல் போகும் உயரம் அதற்கு வேண்டும் என்றும் விதித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் உடைமை முறை: கட்டடம் தனியாருடையது, பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கு. வழிப்போக்கர் உட்காரட்டும் என்று வீட்டு முகப்பில் விட்ட நம் திண்ணையைப் போல. நவம்பர் மழையில் குடை இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகும் நாளில் இதன் அருமை புரியும். ஸ்த்ராதா மாஜோரேயில் மரத்தூண்களோடு நிற்கும் கோர்த்தே இசோலானியின் போர்த்திகோவைப் போய்ப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாம் அப்படித்தான் மரத்தில் இருந்தன.

ஆனால் மதிலுக்குள் வீடு எடுத்தால் சில விஷயங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி சாதாரணம். சம்போனி தெரு, பெத்ரோனி தெரு, பிரத்தெல்லோ பக்கம் மாணவர் கூட்டம் இரவு வெகுநேரம் வரை இருக்கும். ஆறு வயதுக் குழந்தை தூங்க வேண்டிய வீட்டுக்கு அது சரிப்படாது. வெளியார் கார்களுக்கு அனுமதி இல்லாத பகுதி, தினமும் காலை 7 முதல் இரவு 8 வரை கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் வீடு தேடி வரும். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு சரகோட்சா, சந்தோ ஸ்தெஃபானோ வாசலுக்கு வெளியே, அல்லது ரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள பொலொஞ்ஞீனா பகுதியைச் சொல்வேன். பொலொஞ்ஞீனா பழைய தொழிலாளர் பேட்டை. இன்று வங்கதேசத்தவர், சீனர், பாகிஸ்தானியர் என்று பல நாட்டவர் கடை வைத்திருக்கிறார்கள். உளுந்தும் துவரம் பருப்பும் அங்கேதான் வாங்குவீர்கள். அங்கிருந்து நகரின் மையச் சதுக்கமான பியாட்சா மாஜோரேவுக்கு நடந்தே போய்விடலாம்.

தரைத்தள வீடு பார்த்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: 2023 மே மாதமும் 2024 அக்டோபரிலும் இங்கே தண்ணீர் வந்ததா? ராவோனே என்று ஓர் ஓடை மலையிலிருந்து இறங்கி நகரத்துக்கு அடியில் மூடிய வாய்க்காலாக ஓடுகிறது. அந்த இரண்டு முறையும் அது பொங்கி சாஃப்பி தெருப் பக்கம் நிலவறைகளையும் தரைத்தளங்களையும் நிரப்பியது. வீட்டுத் தரகர் தானாகச் சொல்ல மாட்டார். எதிர்க்கடைக்காரரிடம் கேட்டால் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தையே கை வைத்துக் காட்டுவார்.

இனி காகிதங்கள். வேலை விசாவில் வருபவர் வந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, அதாவது பெர்மெஸ்ஸோ தி சோஜ்ஜோர்னோவுக்கு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலில் ப்ரெஃபெத்தூரா எனும் மாகாண அரசு அலுவலகத்தின் குடியேற்றப் பிரிவு வழியாக நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து, அப்புறம் தபால் நிலையத்தில் 'கிட்' என்கிற உறையைக் கொடுப்பது, கடைசியாக க்வெஸ்தூரா எனும் காவல்துறைத் தலைமையகத்தில் கைரேகை. 16 யூரோ வரி முத்திரை, 30 யூரோ தபால் கட்டணம், அதோடு அட்டைக்கான கட்டணம். தபால் நிலையத்தில் கொடுக்கும் ரசீதை உயிர்போல் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வர மாதக்கணக்காகும், அதுவரை அந்த ரசீதுதான் உங்கள் அனுமதி. அட்டை வருவதற்குள் ஊருக்குப் போக நேர்ந்தால் ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். ரசீதை வைத்துக்கொண்டு வேறு ஷெங்கன் நாடு (பொது விசா வட்டத்திலுள்ள ஐரோப்பிய நாடு) வழியாகப் போய்வருவதில் சிக்கல் வரும். துபாய், தோஹா, இஸ்தான்புல் வழி பாருங்கள்.

கிட் நிரப்புவதற்கு யாருக்கும் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை. 'பத்ரோனாத்தோ' என்று தொழிற்சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் நடத்தும் உதவி அலுவலகங்கள் இருக்கின்றன. தங்கும் அனுமதிப் படிவத்தை அங்கே நிரப்பித் தருவார்கள். புதிதாக வருபவர்கள் பலருக்கு இது தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் போகிறது. எனக்கு வருத்தம் தரும் விஷயம் இது.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். இத்தாலிய அமைப்பு முழுக்கக் குடும்பப் பெயரில் ஓடுகிறது. கோதிச்சே ஃபிஸ்காலே என்கிற 16 எழுத்து வரி எண்ணைப் பாருங்கள். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்து, பிறகு பிறந்த வருடத்தின் இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, பிறந்த நாட்டுக் குறியீடு, சரிபார்ப்பு எழுத்து. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள். 12ஆம் தேதி பிறந்த உங்கள் மகளுக்கு 52 என்று வரும், பிழை என்று பயப்படாதீர்கள். இந்தியாவில் பிறந்தவர் எல்லாருக்கும் Z222 என்ற குறியீடு கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கும்.

ஒரு அலுவலகத்தில் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பதிவானால் எண்ணே வேறாகிவிடும். வங்கி ஒன்று சொல்லும், மருத்துவத்துறை இன்னொன்று சொல்லும். அதனால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை நிரப்பிவிடுவது உத்தமம். ஆனால் அனுமதி ஏற்கெனவே பழைய வடிவத்தில் வந்துவிட்டால் பாஸ்போர்ட்டை மாற்றாதீர்கள், அது புதுக் குழப்பம். எந்த வடிவம் முதலில் பதிந்ததோ அதையே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் வையுங்கள். கணவன், மனைவி, மகள் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் இருப்பதைக் கண்டு பள்ளியில் கேட்பார்கள். இத்தாலியிலும் பெண்கள் திருமணத்துக்குப் பிறகு தங்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பதால் மனைவி விஷயம் எளிதில் புரியும். மகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ்தான் பதில் சொல்லும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டையும் அப்போஸ்தில் முத்திரையோடும் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்போடும் ஊரிலேயே முடித்து வாருங்கள். இங்கே வந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு.

முகவரியும் ரசீதும் வந்ததும் அனாக்ரஃபே எனும் நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் வதிவுப் பதிவு கேளுங்கள். 45 நாட்களுக்குள் நகராட்சிக் காவலர் ஒருவர் சொல்லாமல் வந்து நீங்கள் உண்மையில் அங்கே இருக்கிறீர்களா என்று பார்ப்பார். அவர் முதலில் பார்ப்பது வாசலிலுள்ள அழைப்பு மணிப் பலகை. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் மணியே அடிக்காமல் போய்விடலாம். வீட்டுச் சாவி வாங்கிய அன்றே மணிப் பலகையிலும் தபால் பெட்டியிலும் மூவர் பெயரையும் அச்சடித்து ஒட்டுங்கள். தபால்காரரும் அதைப் பார்த்துத்தான் பதிவுத் தபாலைக் கொடுப்பார். இவ்வளவு சின்ன ஒரு காகிதத் துண்டுக்காக எத்தனை பேருடைய பதிவு தள்ளிப்போயிருக்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம் நல்ல செய்தி. வேலை விசாவில் இருப்பவரும் அவரைச் சார்ந்த குடும்பமும் அரசு மருத்துவச் சேவையில் இலவசமாகச் சேரலாம். உள்ளூர் சுகாதார அலுவலகத்தில் குடும்ப மருத்துவர் ஒருவரையும், மகளுக்குக் குழந்தை மருத்துவரையும் தேர்ந்தெடுங்கள். எந்த நோய்க்கும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால் இருமலும் காய்ச்சலும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

பள்ளிக்குத் தடுப்பூசிப் பதிவு கட்டாயம்; 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து தடுப்பூசிகள். நம் அரசு அட்டவணையில் பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் ஊசி இல்லை. தனியாகப் போட்டிருந்தால் அந்தச் சீட்டு வேண்டும், போடாவிட்டால் இங்கே இலவசமாகப் போடுவார்கள். அரசுப் பள்ளி இலவசம், வருட நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள். மாலை வரை நடக்கும் முழுநேரப் பள்ளியாகக் கேளுங்கள், மொழி அங்கேதான் வரும். மதிய உணவில் இறைச்சி இல்லாத வகை எழுதிக் கேட்டால் தருகிறார்கள். சில மாதத்தில் மகள் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாள். ஆனால் மருத்துவரிடமும் வங்கியிலும் அவளை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள், அது குழந்தைக்குச் சுமை.

உங்களுக்கும் மனைவிக்கும் வயது வந்தோருக்கான அரசுக் கல்வி மையங்களில், சிபியா என்பார்கள், மிகக் குறைந்த செலவில் இத்தாலிய வகுப்பு உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று விட்டுவிடாதீர்கள். முதல்முறை வருபவர்கள் அரசோடு செய்துகொள்ளும் ஒருங்கிணைப்பு ஒப்பந்தமே இரண்டு வருடத்தில் ஏ2 அளவு (ஐரோப்பிய மொழித் தர வரிசையில் அடிப்படை நிலை) பேச்சைக் கேட்கிறது. ஐந்து வருடத்துக்குப் பின் நீண்டகால அனுமதிக்கும் அதே ஏ2, பத்து வருடத்துக்குப் பின் குடியுரிமைக்கு அதற்கு அடுத்த நிலையான பி1. அதைவிட முக்கியம், மனைவி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் இருக்க அந்த வகுப்புதான் வழி. இத்தாலியனிலும் மரியாதைப் பேச்சு தனி. 'லேய்' என்பது நம் 'நீங்கள்'. கடையில் நுழைந்ததும் 'புவோன் ஜோர்னோ' சொல்லாமல் பொருளைக் கேட்டால் முகம் மாறும். சொல்லிவிட்டுக் கேட்டால் உங்கள் தப்புத் தப்பான இத்தாலியனைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

சாப்பாடு. பொலோன்யாவுக்கு 'கொழுத்தவள்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு, காரணம் அதன் செழுமையான சாப்பாடு; அதில் இறைச்சியே அதிகம். தோர்தெல்லீனி எனும் பூரணம் வைத்த பாஸ்தாவின் உள்ளே பன்றி, அது மிதக்கும் சாற்றில் கோழி. க்ரெஷெந்தீனே, பியதீனா போன்ற ரொட்டி வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்று நொதி போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவமென்றால் அதுவும் ஆகாது. தோர்தெல்லோனி என்று பெரிதாக இருப்பதில் ரிக்கோத்தா எனும் மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பார்மிஜானோவும் சேரும். நீங்கள் எந்த எல்லையில் நிற்கிறீர்கள் என்பதை வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள், ஒவ்வொரு மேசையிலும் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டுச் சமையலுக்குக் கவலை வேண்டாம். 'ரீசோ பார்பாயில்ட்' என்று எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும் புழுங்கலரிசியில் இட்லி நன்றாகவே வரும். குளிர்காலத்தில் மாவு புளிக்க, அவனின் (oven) உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வையுங்கள். மின்சாரத்தில் ஒரு விஷயம்: பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்பு 3 கிலோவாட்தான். துணி துவைக்கும் இயந்திரம், மின் அடுப்பு, கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுவிடும். மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், சில கட்டடங்களில் அது கீழே நிலவறையில்.

மையச் சூடாக்கி உள்ள கட்டடங்களில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் சூடு, அதுவும் நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கிடையாது. அக்டோபர் முதல் வாரத்துக் குளிர் கோவைக்காரர்களுக்குப் போதும் போதும் என்றாகும். போர்வை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோடை நேர்மாறு, புழுக்கமும் கொசுவும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஊரே விடுமுறை எடுத்துக்கொண்டு போய்விடும், அந்த மாதம் எந்த அலுவலகக் காரியத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுநர் உரிமம்: இந்திய உரிமத்தை இத்தாலிய உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது. வதிவுப் பதிவுக்குப் பின் ஒரு வருடம் மட்டும் சர்வதேச அனுமதியோடு ஓட்டலாம், பிறகு இத்தாலிய மொழியில் தேர்வெழுத வேண்டும். உங்கள் தொழிற்சாலை நகருக்கு வெளியே இருந்தால் பஸ்ஸும் புறநகர் ரயிலும் போகும் இடமாகப் பார்த்து வீடு எடுங்கள்.

ஊரோடு ஒட்டுவதற்கு நான் சொல்லும் முதல் வேலை, ஒரு ஞாயிறு காலை மூவருமாக சான் லூக்கா கோயிலுக்கு நடந்து ஏறுவது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், 666 வளைவுகள், கடைசிவரை கூரைக்குக் கீழேயே போகலாம். பாட்டிமார் தள்ளுவண்டியோடு ஏறுவார்கள், மூச்சு வாங்க நிற்கும்போது பேச்சுக் கொடுப்பார்கள். பியாட்சா மாஜோரேயில் போதெஸ்தா மாளிகையின் வளைவுக்கு அடியில் மகளை ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, நீங்கள் எதிர் மூலையில் சுவரோடு மெதுவாகப் பேசுங்கள். நடுவில் எத்தனை பேர் நடந்தாலும் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். பக்கத்திலேயே சாலா போர்சா நூலகம், உள்ளே போகக் கட்டணம் கிடையாது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. மழை நாட்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இரட்டைக் கோபுரங்களில் சாய்ந்த கரிசெந்தாவின் நிலை மோசமாகி 2023 அக்டோபரில் சுற்றி வேலியடைத்துவிட்டார்கள், பக்கத்து அசினெல்லியிலும் ஏற முடியாது.

தமிழ்ப் பேச்சுக்கு ஏங்கினால், 1980களிலிருந்தே ஈழத்தமிழர்கள் இத்தாலியில் வேரூன்றியிருக்கிறார்கள். சிசிலியின் பலெர்மோவில் மோன்தே பெல்லெக்ரினோ மலைக்குகையிலுள்ள சாந்த ரொசாலியா சன்னதிக்கு இந்துத் தமிழர்களும் நேர்ந்துகொண்டு போகிறார்கள். நமக்குப் பக்கம் ரெஜ்ஜோ எமிலியா, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

கடைசியாகப் பெட்டி. கைப்பையில் அப்போஸ்தில் ஆன சான்றிதழ்கள், தடுப்பூசிச் சீட்டு, எல்லாவற்றுக்கும் ஸ்கேன். மிக்சி கொண்டு வாருங்கள், மின்னழுத்தம் ஒன்றுதான், ப்ளக் மாற்றி மட்டும் போதும். பால், இறைச்சிப் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் பறிமுதலாகும். தேங்காய், வாழைப்பழம் போன்ற ஒருசிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நெய்யை எடுத்து வராதீர்கள். இங்கே கடையில் கிடைக்கும் வெண்ணெய் உப்பில்லாதது, வாங்கி உருக்கிக்கொள்ளலாம்.